கையில் பத்தடிக் கம்பு... உடம்பில் ரெண்டு புள்ளி உயிர்!

"நீங்க செத்துட்டீங்க!"

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் பிட்ஸாவைக் கடித்துக்கொண்டே சொன்னார். நான் பிறந்து, அதாவது அந்த விளையாட்டுக்குள் பிறந்து, சரியாக முப்பத்தைந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. அதிலும் இருபது நிமிஷம் கடையில் சாமான் வாங்குவதிலேயே போய்விட்டது!

2018 ஜனவரி. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரம். ஆபீஸ் வேலையாக ஆறு மாசத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வெளியே மைனஸ் இருபது டிகிரி. மூக்கைத் தொட்டால் கையோடு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ரூமில் தனியாக உட்கார்ந்து தயிர் சாதத்தை வெறித்துக்கொண்டிருந்தபோது, டீமில் இருந்த வெள்ளைக்கார நண்பர் போன் பண்ணினார். "எங்க வீட்டு பேஸ்மெண்ட்டுக்கு வாயேன். டி அண்ட் டி ஆடறோம். பழைய ரகம்."

ஏதோ சீட்டாட்டம் போலிருக்கிறது என்று நினைத்து, முன்ஜாக்கிரதையாக பர்ஸில் இருபது டாலர் மட்டும் வைத்துக்கொண்டு போனேன்.

சீட்டு இல்லை. போர்டு இல்லை. காயும் இல்லை. ஒரு மேஜை, ஆறு பேர், கணக்கு நோட்டு மாதிரி கட்டம் போட்ட காகிதம், பென்சில்கள். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமாகப் பகடைகள். மேஜையின் தலைமாட்டில் ஓர் அட்டைத் தடுப்பு. அதற்குப் பின்னால் அந்தப் பெரியவர். அவர்தான் 'டன்ஜன் மாஸ்டர்'. எழுபதுகளில் பள்ளிக்கூடப் பையனாக இருந்த காலத்திலிருந்து ஆடுகிறாராம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இந்த ஆட்டத்தை எப்படி விளக்குவது? சின்ன வயதில் பாட்டி கதை சொல்லும்போது, "அந்தக் குகைக்குள்ளே போகாதேன்னு அவன்கிட்ட சொல்லு பாட்டி!" என்று கத்தியிருப்பீர்கள். பாட்டி கேட்கமாட்டாள். ராஜகுமாரன் போய் மாட்டிக்கொள்வான். இங்கே நீங்கள் கத்தினால் ராஜகுமாரன் கேட்பான். ஏனென்றால் ராஜகுமாரனே நீங்கள்தான். மாஸ்டர்தான் பாட்டி. "எதிரே கல் கதவு. உள்ளே யாரோ இருமுகிற சத்தம். என்ன செய்யப் போறீங்க?" என்பார். நீங்கள் சொல்ல வேண்டும். நடக்குமா, நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை. அவ்வளவுதான் ஆட்டம். ஜெயிப்பது தோற்பது கிடையாது. உயிரோடு வீடு திரும்பினால் அடுத்த வாரம் தொடரலாம்.

முதலில் ஆளை உருவாக்க வேண்டும். மூன்று பகடையை உருட்டி, கூட்டி, பலம், புத்தி, ஞானம், சுறுசுறுப்பு, உடல்வாகு, கவர்ச்சி என்று ஆறு குணத்துக்கும் வரிசையாக எழுதச் சொன்னார்கள். "மாத்திப் போட்டுக்கலாமா?" என்றேன். "பிறக்கும்போது உங்களைக் கேட்டா பிறக்க வெச்சாங்க?" என்றார் பெரியவர்.

பலம் 6. புத்தி 14. நிஜத்தில் இருப்பதைவிட புத்தி கொஞ்சம் கூடுதல்தான் என்று நண்பர் ஆறுதல் சொன்னார். பலமில்லாத புத்திசாலிக்குக் கிடைக்கிற ஒரே உத்தியோகம் மந்திரவாதி. உயிர்ப் புள்ளிக்காக நாலு முகப் பகடையை உருட்டினேன். 2! ஒரு பெருச்சாளி கொஞ்சம் மனசு வைத்துக் கடித்தால் போதும், கதை முடிந்தது.

மந்திரமாவது நிறையத் தெரியுமா? ஒன்றே ஒன்று. எதிரிகளைத் தூங்க வைப்பது. அதுவும் நாளைக்கு ஒரு தடவைதான். சொல்லி முடித்தவுடன் மந்திரவாதிக்கே மறந்துபோகும்! மறுநாள் மந்திரப் புத்தகத்தைப் பிரித்து மறுபடி மனப்பாடம் பண்ண வேண்டும். பரீட்சை ஹாலை விட்டு வெளியே வந்ததும் எல்லாம் ஆவியாகிப் போகுமே, அதே சமாசாரம். இது ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளர் 1950-ல் எழுதிய 'தி டையிங் எர்த்' கதைகளிலிருந்து வாங்கிய ஐடியா.

மூன்று பகடை, பெருக்கல் பத்து. கையில் 90 பொற்காசு. ஒரு கத்தி, முதுகுப் பை, ஆறு தீப்பந்தம், ஐம்பதடிக் கயிறு, கதவு மூடிக்கொள்ளாமல் செருகி வைக்க ஒரு டஜன் இரும்பு முளை... கடைசியாக எல்லோரும் ஒரே குரலில், "பத்தடிக் கம்பு! பத்தடிக் கம்பு வாங்கு!" என்றார்கள். ஒரு பொற்காசு. தரையைத் தட்டிப் பார்த்து நடக்க. படுகுழி இருந்தால் கம்பு விழும், நீங்கள் விழமாட்டீர்கள்.

"பத்தடிக் கம்பைத் தூக்கிக்கிட்டு திருகு மாடிப்படியிலே எப்படி இறங்கறது?" என்று கேட்டேன்.

மேஜையில் ஒரு நிமிஷம் மௌனம். நாற்பது வருஷமாக யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லையாம்.

இறங்கினோம். தட்டித் தட்டி நடந்தேன். தரையில் ஒரு ஆபத்தும் இல்லை. கூரையிலிருந்து பொத்தென்று ஒரு பச்சைக் கூழ் தலைமேல் விழுந்தது! துணி, இரும்பு, ஆள் எல்லாவற்றையும் கரைத்துவிடும். நெருப்பு வைத்தால்தான் சாகும். "தீப்பந்தத்தாலே சுடட்டுமா?" என்று நண்பர் அக்கறையோடு கேட்டார். சுட்டார். விதிப்படி கூழுக்குப் பாதிச் சூடு, எனக்குப் பாதிச் சூடு. எனக்குப் பாதியே தாராளம்.

"இன்னொரு ஆளை உருட்டுங்க. பத்து நிமிஷ வேலை" என்றார் பெரியவர்.

வேடிக்கை என்னவென்றால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. வீடியோ கேமில் ஆயிரம் தடவை செத்திருக்கிறேன். ஒரு தடவைகூட இப்படித் தோன்றியதில்லை. அங்கே பட்டனை அமுக்கினால் அதே ஆள் எழுந்து நிற்பான். இவன் போனால் போனவன்தான்.

அடுத்த ஆளை உருட்டிக்கொண்டிருக்கும்போது பெரியவர் பழைய கதையெல்லாம் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

ஆட்டம் பிறந்த இடங்களில் ஒன்று, நாங்கள் உட்கார்ந்திருந்த அதே மினியாபொலிஸ் - செயின்ட் பால் இரட்டை நகரம். பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் பரப்பி நெப்போலியன் காலத்துச் சண்டைகளை ஆடும் கோஷ்டி ஒன்று இங்கே இருந்தது. 1969-ல் டேவ் வெஸ்லி என்பவர் ஒரு மாற்றம் செய்தார். ஆளுக்கொரு படை கொடுப்பதற்குப் பதிலாக, ஒரு கற்பனை ஊரில் ஆளுக்கொரு வேஷம் கொடுத்தார். உடனே ரகசியப் பேச்சு, தகராறு, ஒரே கூச்சல். ஆட்டம் படுதோல்வி என்று வெஸ்லி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆடியவர்களோ, "மறுபடி எப்போ?" என்று நச்சரித்தார்கள்!

அதில் ஆடியவர் டேவ் ஆர்னெஸன். அவர் 'பிளாக்மூர்' என்று ஒரு கற்பனை நாட்டை உண்டாக்கி, அதன் கோட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, நண்பர்களை உள்ளே அனுப்பினார். ஒரே அடியில் ஆள் காலி என்ற பழைய விதி அவர்களுக்குப் பிடிக்கவில்லை. உயிர்ப் புள்ளி வந்தது இப்படித்தான். கப்பல் சண்டை ஆட்டம் ஒன்றிலிருந்து எடுத்ததாக ஆர்னெஸனே சொல்லியிருக்கிறார். கப்பல் எத்தனை குண்டு தாங்கும் என்ற கணக்குதான் மனுஷனுக்கும்!

1972 கடைசியில் அவர் விஸ்கான்ஸின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊருக்குப் போய் இதை ஆடிக் காட்டினார். பார்த்தவர் கேரி கைகாக்ஸ். சிகாகோவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து, 1970-ல் வேலை போய், ஐந்து குழந்தைகளோடு, வீட்டு பேஸ்மெண்ட்டில் செருப்பு தைத்துக்கொண்டிருந்த மனிதர். ராத்திரியானால் டைப்ரைட்டர். ஆர்னெஸனின் குறிப்புகளையும் தன் சொந்தச் சரக்கையும் சேர்த்து விதிகளை எழுதினார். பெரிய கம்பெனிகள் சீண்டவில்லை. பால்ய நண்பர் டான் கே தன் ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிஸியின் மேல் ஆயிரம் டாலர் கடன் வாங்கி வந்தார். டி.எஸ்.ஆர். என்று கம்பெனி தொடங்கினார்கள். 1974-ல் மரப்பெட்டி போலவே டிசைன் போட்ட அட்டைப் பெட்டியில் மூன்று சின்னப் புத்தகங்கள். விலை 10 டாலர். முதல் அச்சு 1,000 பிரதி. அவர்களே வீட்டில் உட்கார்ந்து பெட்டியில் அடுக்கினார்கள்.

டான் கே அதன் வெற்றியைப் பார்க்கவில்லை. 1975 ஜனவரியில் மாரடைப்பு. ஆர்னெஸனும் கைகாக்ஸும் ராயல்டிக்காக 1979-ல் கோர்ட்டுக்குப் போய் 1981-ல் சமாதானம் ஆனார்கள். 1985-ல் கைகாக்ஸின் கையிலிருந்தே கம்பெனி நழுவிவிட்டது. நிலவறையில் பொறி வைப்பதில் மன்னனான மனிதர், போர்டு மீட்டிங்கில் வைத்த பொறியில் விழுந்தார்!

அந்த மூன்று புத்தகத்தை இன்று படித்தால் தலை சுற்றும். பாதி விஷயம் சொல்லவேயில்லை. சொன்னதும் குழப்பம். உதாரணமாக கவசத்தின் நம்பர். எந்த எண் குறைவோ அதுதான் நல்ல கவசம். வெறும் உடம்பு 9, முழு இரும்புக் கவசம் 3. நம்பர் கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா என்று புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதம் விழிப்பார்கள். பரீட்சை ரேங்க் மாதிரி நினைத்துக்கொண்டால் பிழைக்கலாம்.

பகடைக்கும் பஞ்சம். இருபது முகப் பகடை அப்போது பள்ளிக்கூடங்களுக்குக் கணக்குச் சாமான் விற்கும் கேடலாக்கில்தான் கிடைத்தது. எண்கள் கண்ணுக்குத் தெரியாது. கிரேயானைத் தேய்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். 1979-ல் பகடையே தீர்ந்துபோய், பெட்டிக்குள் எண் அச்சடித்த அட்டைத் துண்டுகளை வைத்து அனுப்பினார்கள். ஒரு கப்பில் போட்டு, கண்ணை மூடிக் குலுக்கி எடுக்க வேண்டும். கிட்டத்தட்ட குடவோலை முறை!

பூதங்களுக்கு எங்கே போனார்கள்? சில்லறைக் கடையில் மலிவாக விற்ற பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒன்று. என்ன பிராணி என்று செய்தவனுக்கே தெரியாத உருவங்கள். பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்தார் கைகாக்ஸ். ஆந்தைத் தலைக் கரடி வந்தது அப்படி. இரும்பைத் தொட்டால் துருவாக்கிவிடும் 'ரஸ்ட் மான்ஸ்டர்' வந்ததும் அப்படி. எமகாதகப் பிராணி அது. ஆளை ஒன்றும் செய்யாது. கவசத்தைத்தான் தின்னும். மாசக்கணக்கில் சேர்த்து வாங்கிய கவசம் பொடியாக உதிரும்போது வீரர்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

நம்ம ராட்சசனும் உண்டு, சார்! 1977-ல் வந்த 'மான்ஸ்டர் மானுவல்' புத்தகத்தில், புலித் தலையோடு, ஜம்மென்று கோட்டு மாட்டி, பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கைகாக்ஸ் ராமாயணம் படித்து இதை எழுதவில்லை. 1974-ல் டி.வி.யில் வந்த 'கோல்சாக்' என்ற பேய்த் தொடரின் ஒரு எபிசோடைப் பார்த்து எழுதினார். பூஜை செய்த அம்பு பட்டால் உடனே செத்துப்போவான் என்பதும் அதில் வந்ததுதான். 1980-ல் இன்னொரு புத்தகம் போட்டு, இந்திரனுக்கும் வருணனுக்கும்கூட எத்தனை அடி தாங்குவார்கள் என்று புள்ளி கொடுத்துவிட்டார்கள். நம்மூர்ப் பெரியவர்கள் கண்ணில் படாமல் போனது யார் செய்த புண்ணியமோ.

அமெரிக்கப் பெரியவர்கள் கண்ணில் பட்டது. 1979-ல் மிச்சிகனில் பதினாறு வயதுக் கல்லூரி மாணவன் ஒருவன் காணாமல் போக, இந்த ஆட்டம்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் பையனுக்கு இருந்தது கடுமையான மனச்சோர்வு. ஆனால் சாத்தான் விளையாட்டு என்று பெயர் ஒட்டிக்கொண்டது. 1982-ல் டாம் ஹாங்க்ஸை வைத்து டி.வி. படமே எடுத்தார்கள். விற்பனை என்னவோ ஏறிக்கொண்டேதான் போனது.

என் இரண்டாவது ஆள் போர்வீரன். உயிர்ப் புள்ளி 5. முதல் படியிலேயே அவனுக்குக் கொடுத்த பட்டம் 'வெட்டரன்'. அதாவது பழுத்த அனுபவசாலி! ஐந்து புள்ளி உயிரை வைத்துக்கொண்டு, ஒரு சண்டையும் பார்க்காதவனுக்கு இந்தப் பட்டம். விசிட்டிங் கார்டில் பெரிய பதவியும் கவரில் சின்னச் சம்பளமும் வாங்கும் நம் இனம் என்று உடனே புரிந்தது. அடுத்த படிக்கு 2,000 அனுபவப் புள்ளி வேண்டும். ஒரு குட்டிப் பூதத்தைக் கொன்றால் 5 புள்ளி, அதையும் எல்லோரும் பங்கு போட வேண்டும். ஆனால் பத்திரமாக வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி!

இந்த ஒரு விதியில்தான் பழைய ஆட்டத்தின் சூட்சுமமே இருக்கிறது. சண்டை போடுகிறவன் முட்டாள். நைஸாக உள்ளே போய், எதையாவது தள்ளிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் வருகிறவன் கெட்டிக்காரன். காசுக்கும் கனம் உண்டு, பத்து காசு ஒரு பவுண்டு. அதிகம் தூக்கினால் ஓட முடியாது. ஒரு தீப்பந்தம் ஒரு மணி நேரம்தான். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மாஸ்டர் தடுப்புக்குப் பின்னால் ஒரு பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் ஏதோ ஒன்று உங்களைத் தேடி வருகிறது. அந்தப் பகடைச் சத்தத்துக்கு மேஜையில் ஐந்து பேர் மூச்சை நிறுத்துவதைப் பார்க்க வேண்டும்!

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. வரைபடம் போடும் வேலை ஒருவர் தலையில் விழும். "வடக்கே நாற்பதடி, அப்புறம் வளைவு" என்று மாஸ்டர் சொல்லச் சொல்ல வரைய வேண்டும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு அறை ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். சில பிளாட் புரமோட்டர்களின் பிளானை நினைத்துக்கொண்டேன். கல்யாணமான ஆறு பேருக்கு ஒரே சனிக்கிழமை ஒழிவது டிராகனைக் கொல்வதைவிடக் கஷ்டம்.

பிறகு வந்த பதிப்புகளில் விதிகள் பெருகின, ஆட்களும் பலசாலி ஆனார்கள். 1997-ல் டி.எஸ்.ஆர். கம்பெனியே விற்கப்பட்டது. வாங்கியவர்கள் 2000-ல் அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம் என்று அனுமதி கொடுக்க, வந்தது வினை! பழைய ஆட்டத்தை மறக்காத சில பேர், அதே அனுமதியை வைத்துக்கொண்டு பழைய விதிகளையே மறுபடி எழுதி வெளியிட்டார்கள். 2006-ல் ஆஸ்ரிக், 2007-ல் லேபிரிந்த் லார்ட் என்று வரிசையாக. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் உயிர்ப் புள்ளி சைபர் ஆனாலும் பெரும்பாலும் உடனே சாவு இல்லை. பகடையில் மூன்று தடவை தோற்றால்தான் சாவு. அதுவும் நல்ல ஆட்டம்தான், ஆடிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் என் கண் அடிக்கடி காகிதத்துக்கே போகிறது, எனக்கு என்னென்ன சக்தி இருக்கிறது என்று தேட. பழையதில் காகிதத்தில் தேட ஒன்றுமே இல்லை. மண்டையில்தான் தேட வேண்டும்.

மார்ச் மாசம். நிலவறையின் இரண்டாம் தளம். கையில் கடைசித் தீப்பந்தம். திரும்பும் வழியில் ஓர் அறையில் பத்து குட்டிப் பூதங்கள், வேலோடு. எங்களில் இரண்டு பேருக்கு ஆளுக்கொரு புள்ளி உயிர்தான் மிச்சம். மந்திரவாதி அன்றைய மந்திரத்தை ஏற்கெனவே சொல்லி மறந்தாகிவிட்டது.

"நான் பேசிப் பார்க்கறேன்" என்றேன்.

பேச்சுக்கும் பகடை உண்டு. இரண்டு பகடை, 2 விழுந்தால் பாய்ந்து குத்தும், 12 விழுந்தால் தோளில் கை போடும். 8 விழுந்தது. என் வீரனின் கவர்ச்சிக்கு ஒன்று கூட்டி 9. பேரத்துக்கு இடம் உண்டு என்று அர்த்தம்.

"வழி விட நூறு பொற்காசு" என்றார் பெரியவர், கரகரவென்று பூதக் குரலில்.

நூறா? ரங்கநாதன் தெருவில் வளர்ந்தவனிடம் நூறா? "பதினஞ்சு" என்றேன். "எண்பது." "போன வாரம் இதே வழியாத்தானே போனோம், அப்போ சும்மா விட்டீங்களே!" (அப்போது அவை தூங்கிக்கொண்டிருந்தன.) "அறுபது, அதுக்குக் கீழே இல்லை." "சரி, வேண்டாம். நாங்க வேற வழியா போய்க்கறோம்" என்று திரும்பி நடந்தேன். வேறு வழியே கிடையாது. மேஜையில் எல்லோர் முகத்திலும் ரத்தம் இல்லை. நண்பர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

பெரியவர் என்னைப் பார்த்தார். பகடையைக் கையில் எடுத்தார். உருட்டாமல் கீழே வைத்தார். இதற்குப் புத்தகத்தில் விதி கிடையாது.

"யோவ், நில்லு! முப்பத்தஞ்சு!"

கொடுத்தோம். கூடவே ஒரு மூட்டை வறட்டு ரொட்டியும் சேர்த்துக் கொடுத்ததில், கீழே எந்த அறையில் பெரிய பூதம் தூங்குகிறது என்றும் சொல்லிவிட்டன. ஆறு பேரும் வெளிச்சத்துக்கு வந்தபோது, நாற்பது வயது ஆசாமிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பத்து வருஷமாக ஆபீஸில் நான் எடுத்த எந்த முடிவாலும் யாரும் செத்ததில்லை, யாரும் பிழைத்ததும் இல்லை. அன்றைக்கு ராத்திரி ரூமுக்குத் திரும்பித் தூக்கமே வரவில்லை.

ஜூன் கடைசியில் ஊருக்குக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. கடைசி ஆட்டத்தில் மூன்றாம் தளத்தில் ஒரு கதவு வரைக்கும் போயிருந்தோம். வெண்கலக் கதவு. கைப்பிடி கிடையாது. மணி பதினொன்று ஆகிவிட்டதால் பெரியவர் தடுப்பை மடக்கிவிட்டார். என் வீரனின் காகிதத்தை வாங்கி, தன் பழுப்பு பைலில் வைத்துக்கொண்டார்.

பொங்கலுக்குப் பொங்கல் நண்பர் போன் பண்ணுவார். கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நானும் கேட்பேன். இன்னும் திறக்கவில்லையாம். பத்தடிக் கம்பு என் ஆளிடம் இருக்கிறதாம்.